பதினைந்து சென்ரிமீற்றர்

முதலில் தண்டைப் பார்.
மைப்பேனாவை யாரோ உதறியதுபோல் ஊதாத் தெறிப்புகள்,
தெறிப்புக்குத் தெறிப்பு ஒரு முரட்டு மயிர்.
இலை விளிம்பு அரிவாள் பல்.
புல்வெளியில் நிற்கும் அதன் உள்ளூர்ச் சொந்தம்
நெஞ்சளவில் நின்றுவிடும், பாவம், சுடவும் அவ்வளவாகத் தெரியாது.
இதுவோ
என் தலைமேல் இன்னொரு என்னை ஏற்றி நிறுத்தினாலும்
அதற்கும் மேலே போய்க் குடை விரிக்கும்.

ஜெர்மனில் கரடிநகம் என்பார்கள்.
நான் கரடி கண்டது பேர்ன் கொடியில் மட்டும்.
நகம் கண்டது எம்மே ஆற்றங்கரையில்.

சாறு பட்டவுடன் ஒன்றும் தெரியாது.
தண்ணீர்தானே என்று துடைத்துவிட்டுப் போவாய்.
வெயில் வந்து அந்த இடத்தைத் தொடவேண்டும்,
ஓர் இரவு போகவேண்டும்,
பிறகுதான் தோல் கதைக்கத் தொடங்கும்.
வேலைக்கு வந்த மூன்றாம் வருஷம்
கையுறை முடிந்து சட்டைக்கை தொடங்குமுன்
இரண்டு விரல் அகலம் வெறுமையாய் இருந்திருக்கிறது.
அங்கே எனக்கொரு வளையல் விழுந்தது,
பழுப்பு நிறத்தில், கழற்ற முடியாததாய்.

அதனால் நாங்கள் மேகம் பார்த்து வேலைக்குப் போகிறவர்கள்.
வானொலி அறிவிப்பைக் கேட்டு
பூர்க்டோர்ஃப் முழுக்க முகம் சுளிக்கும் காலையில்
ரேகுலா வானின் சாவியை எடுப்பாள்.

பட்டியலில் அதன் பெயருக்கு நேரே எழுதியிருக்கிறது:
வந்தேறி. கவ்காஸ் மலைப்பக்கம்.
உரக்க வாசித்த ரேகுலா
என்னைப் பார்த்தாள், இருமினாள், ஜன்னலைத் திறந்தாள்.
எனக்குச் சிரிப்பு.
இரு, அந்த உவமைக்கு நான் வரவில்லை.
நான் யாரையும் சுட்டதில்லை,
ஒரே கோடையில் இருபதாயிரம் பெற்றதுமில்லை.
செடி செடிதான்.
மண்வெட்டியைத் தா.

எஷ்லிமன் அம்மாவின் தோட்டத்தில் பதினான்கு நின்றன,
வெறுமையான தேன்கூட்டுப் பெட்டிகளுக்குப் பின்னால்.
அஞ்செலிக்கா, மருந்துச்செடி என்றாள்.
நான் தண்டைக் காட்டினேன். மயிரைக் காட்டினேன்.
எர்வின் விதைத்தது, தேனீக்களுக்காக,
என்றாள் கொஞ்சநேரம் கழித்து.
எர்வினும் இல்லை, தேனீக்களும் இல்லை
என்பதை அவள் சொல்லவில்லை; பெட்டிகள் சொல்லின.

அரிந்தால் போதாது.
அரிந்த கழுத்திலிருந்து இன்னொரு தலை வரும்,
சின்னதாய், கோபமாய்.
விதை பிடித்த குடைக்கு முதலில் பை கட்டு, பிறகு கழுத்து.
பிறகு மண்ணுக்குக் கீழே பதினைந்து சென்ரிமீற்றர்,
மண்வெட்டியைச் சாய்த்து, காலால் மிதித்து,
கிழங்கின் தோளை அறு.
பை எரியாலைக்கு. உரக்குழிக்கு ஒருநாளும் இல்லை.

சமையலறை ஜன்னலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தவள்
பதின்மூன்றாவதில் வெளியே வந்தாள்.
ஒரு பூக்குடை மட்டும்.
காயவைத்து அவர் படத்துக்குப் பக்கத்தில்.
ரேகுலா சப்பாத்தைப் பார்த்தாள்.
அதனால் நான்தான் சொல்லவேண்டியிருந்தது.
இந்தத் தேசத்துப் பாஷையில்
எனக்கு வேகமாய் வரும் சொல் அதுவல்ல.
முடியாது என்றேன்.
அவள் உள்ளே போய்
இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்தாள்.
சவர்க்காரத்தால் முழங்கைவரை கழுவிய பிறகே குடித்தோம்.

விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் உறங்கும்.
ஆகவே ஏப்ரலில் திரும்பப் போனோம்.
பெட்டிகளை யாரோ வாங்கிப்போயிருந்தார்கள்.
சதுரம் சதுரமாய் வெளிறிய புல்.
வேலியோரம் கவிழ்த்துவைத்த ஒரு பூந்தொட்டி,
அதன்மேல் ஆற்றுக்கல்.
தூக்கினேன்.
வெளிச்சம் காணாமல் வெளுத்து
ஒரேயொரு கன்று,
முதல் பல்லிலை மடிந்தபடி.

மறைத்தாளா, எங்களுக்காகக் குறித்துவைத்தாளா?
ஜன்னலில் திரை போட்டிருந்தது.
கேட்கலாம். கதவு பத்தடி தூரம்.
மேகம் விலகத் தொடங்கியிருந்தது.
சட்டைக்கையைக் கையுறைக்குள் செருகிக்கொண்டு
மண்வெட்டியைச் சாய்த்தேன்.
தொட்டியைப் பழையபடி கவிழ்த்து
கல்லையும் மேலே வைத்துவிட்டு வந்தேன்.